ஆடி கழியட்டும்

2024-ஆம் ஆண்டு ஆடி மாதம். கொட்டேஷன் தாளையும், நான் போட்டு வைத்திருந்த நாலு பக்கக் கணக்கையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். நம் சர்வர்கள் ஓடுகிற அடித்தள மென்பொருளை மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு நாள் பில்லிங்கை நிறுத்த வேண்டும் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள இருக்கதெல்லாம் அதுக்குள்ள போவும். அவ்வளவுதான?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப அது வீடு மாறுறதுதான். ஆடியில எவனாவது வீடு மாறுவானாய்யா? ஆடி கழியட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட நிம்மதி அதிகமாக வந்தது. அந்த நிம்மதி ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எங்களுடையது மருந்து மொத்த விற்பனை. செம்பாக்கத்தில், தாம்பரம்–வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய தெருவில் குடோன். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் என்று சுற்றிலும் உள்ள மெடிக்கல் ஷாப்புகளுக்குத் தினமும் இரண்டு நடை சரக்கு போகும். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக இங்கே இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடாதவர் எங்கள் தெருவில் இல்லை. நான் கம்ப்யூட்டர் பார்ப்பவன். சர்வர், பிரிண்டர், சிசிடிவி, சில நாட்களில் குடோன் மின்விசிறி, எல்லாம் என் இலாகா.

2015 டிசம்பர் வெள்ளம்வரை எங்களிடம் ஐந்து டவர் சர்வர்கள் இருந்தன. பில்லிங்குக்கு ஒன்று, டேலிக்கு ஒன்று, பைல்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. எல்லாம் கீழ்த்தளத்தில், மரப்பலகை மேல். அந்தச் செவ்வாய் இரவு தெருவில் முழங்கால் தண்ணீர். லோடு ஏற்றும் பையன்கள் இரண்டு பேரும் நானும் இருட்டில் ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினோம். மூன்றுதான் பிழைத்தன. காய வைத்த பெட்டிகளைச் சுற்றி வந்து அண்ணாச்சி கேட்டார்: "ஒரு பெட்டியில ஓடக்கூடியத, அஞ்சு பெட்டியில எதுக்குய்யா போட்டுருக்கீரு?"

சரியான கேள்வி. பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. செலவுக்குப் பயந்து சொல்லாமல் இருந்தேன். அவருக்குப் புரிய வைக்கப் பழைய மாம்பலத்து ஒண்டுக்குடித்தனம் உதவியது. ஒரே வீடு, உள்ளே ஐந்து போர்ஷன். ஒவ்வொரு குடித்தனமும் தனக்கென்று கதவு, அடுப்பு, பூட்டு வைத்துக்கொண்டு தனி வீட்டில் இருப்பதாகவே வாழும். கிணறும் மோட்டாரும் மாடிப்படியும் பொது. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரர் வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர். குடித்தனங்களுக்குப் பெயர் விஎம். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் ஐந்து சர்வர்கள், ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாமல் ஓடும்.

யோசனை புதியதல்ல. ஐபிஎம் தன் மெயின்பிரேம்களில் 1960-களிலேயே செய்து பார்த்து, 1972-ல் விஎம்/370 என்று விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. சாதாரண இன்டெல் கம்ப்யூட்டரில் இது சரிப்படாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1998-ல் கலிபோர்னியாவில் டயான் கிரீன், அவர் கணவரும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியருமான மெண்டல் ரோசன்ப்ளம், இன்னும் மூவர் சேர்ந்து தொடங்கிய விஎம்வேர் அதைச் சரிப்படுத்திக் காட்டியது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் சர்வர் விர்ச்சுவலைசேஷன் என்றால் விஎம்வேர்தான்; ஜெராக்ஸ் மாதிரி, கம்பெனிப் பெயரே பொருளின் பெயர்.

2016-ல் இரண்டு நல்ல சர்வர்கள் வாங்கி, மாடியில் ஓர் அறையை அடைத்து, விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பைப் போட்டோம். இலவசத்தில் பேக்கப் மென்பொருள்களுக்குக் கதவு திறக்காது. அது உறுத்தவே மறுவருஷம் சிறு நிறுவனங்களுக்கான எசென்ஷியல்ஸ் கிட் வாங்கினேன். ஒருமுறை பணம் கட்டினால் லைசென்ஸ் என்றென்றைக்கும் நமக்கு. சப்போர்ட் மட்டும் புதுப்பித்தால் போதும். லைசென்ஸ் எண் அச்சிட்ட தாளை அண்ணாச்சி வாங்கிப் பார்த்து, "பத்திரம்லா இது" என்று பீரோவில் குடோன் கிரயப் பத்திரத்தோடு வைத்துவிட்டார். ஏழு வருஷம் அந்த இரண்டு பெட்டிகளும் நின்றதாக எனக்கு நினைவில்லை. நான் அவற்றை மறந்துவிட்டேன் என்பதே அதற்கு நான் தரக்கூடிய பெரிய பாராட்டு. அதுவே பின்னால் தொல்லையும் ஆனது.

இதற்கிடையில் விஎம்வேர் பல கை மாறியது. இஎம்சி வாங்கியது, இஎம்சியை 2016-ல் டெல் வாங்கியது, 2021-ல் டெல் தனியே பிரித்துவிட்டது, 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது, இனி சந்தாதான். 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் நின்றது. சந்தாவைக் கணக்கிடுவது கோர் எண்ணிக்கையில். ஒரு பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்று எண்ணுவார்கள். எங்கள் பெட்டிகளில் பிராசசருக்கு 8 கோர்தான்.

எங்களுக்கு வந்த தொகையை இங்கே எழுதப்போவதில்லை. விலை வைப்பது விற்பவர் உரிமை. வேண்டாமென்றால் எழுந்து வருவது வாங்குபவர் உரிமை. கையில் இருந்த பழைய லைசென்ஸை யாரும் பிடுங்கவும் இல்லை. அப்படியே ஓட்டியிருக்கலாம், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. அண்ணாச்சியின் கேள்வியும் அதுதான்: "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே?" அவரிடம் 2023 பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னேன். இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு வைரஸ், உலகமெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் விஎம்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு இரண்டு வருஷம் முன்பே திருத்தம் வந்துவிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அண்ணாச்சியிடம் சொல்லாத பாதியை இங்கே சொல்லிவிடுகிறேன். நானும் போட்டிருக்கவில்லை. எங்கள் பெட்டிகள் இணையத்துக்கு நேரே திறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தப்பித்ததில் என் திறமை ஏதுமில்லை.

மாறுவது என்றால் எங்கே? மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இருந்தது. ஆனால் தனியாக இலவசமாகக் கொடுத்துவந்த ஹைப்பர்-வி சர்வர் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. பிரான்சிலிருந்து வரும் எக்ஸ்சிபி-என்ஜி, பெரிய இடங்கள் போகும் நுட்டானிக்ஸ் எல்லாம் பார்த்தேன். கடைசியில் நின்றது பிராக்ஸ்மாக்ஸ். வியன்னாவில் ஒரு சிறிய நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவருவது. அடியில் டெபியன் லினக்ஸ். விஎம்களை ஓட்டுவது 2007-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட கேவிஎம். கட்டற்ற மென்பொருள், பணம் கட்டாமலே முழுதும் ஓடும். சப்போர்ட் வேண்டுமென்றால் கோர் எண்ணாமல் பிராசசர் எண்ணி வாங்குவார்கள். ஆக அடிமட்டச் சந்தா அப்போது ஒரு பிராசசருக்கு வருஷத்துக்கு 100 யூரோவைச் சற்றே தாண்டியது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஜனவரியிலிருந்து ஆடிவரை நான் இழுத்தடித்தேன். அண்ணாச்சி ஆடி என்றதும் நிம்மதி வந்ததே, அதன் காரணம் லினக்ஸ். 2007 வாக்கில் ஒரு சனிக்கிழமை, சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதாமாதம் நடத்திவந்த கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் கறுப்புத் திரையில் மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் போகவில்லை. அந்தக் காலத்தில்தான் சி. உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் இருந்த எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதிகத் தூரமில்லாத குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி மையமும் சி-டாக்கும் கட்டற்ற மென்பொருளுக்காக ஆட்களைப் பழக்கிக்கொண்டிருந்தன. 2012 முதல் கணியம் இதழ் இதையெல்லாம் தமிழிலேயே எழுதியது. எல்லாம் பக்கத்திலேயே இருந்தது. நான் விஎம்வேர் திரையில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனாக இருந்து, அதையே படிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பின்வரிசையில் உட்கார மனசு வரவில்லை. சந்தை நிலவரம் தெளியட்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆவணி பிறந்ததும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், தன் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். எதற்கடா என்றேன். "சும்மா, சினிமா வைக்கறதுக்குண்ணா." எட்டு மாதம் நான் பயந்துகொண்டிருந்தது அவன் வீட்டில் சினிமா ஓட்டிக்கொண்டிருந்தது.

அவன் கேட்ட முதல் கேள்வியே என்னை உட்கார வைத்துவிட்டது. "மொத்தம் எத்தனை விஎம்ணா? எது எதுக்கு?" ஒன்பது என்று சொன்னேன். திரையில் பதினொன்று இருந்தது. ஒன்று, எப்போதோ விட்டுப்போன வருகைப்பதிவு மென்பொருள். இன்னொன்றின் பெயர் டெஸ்ட்2. நான்தான் ஏதோ பரிசோதிக்கப் போட்டிருப்பேன், தூக்கிவிடலாம் என்றேன். பாஸ்வேர்டும் நினைவில்லை. அழிக்காமல் அணைத்து மட்டும் வைத்தோம். அந்த யோசனை அவனுடையது.

மூன்றாம் நாள் காலை குடோன் அக்கா மேலே வந்தார். குளிர்சாதன அறை அவர் பொறுப்பு. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழே போனாலும் கெடும், மேலே போனாலும் கெடும். "தம்பி, எனக்கு ரெண்டு நாளா காலைல மெசேஜ் வரலியே. பாக்ஸ் ரிப்பேரா?"

என்ன மெசேஜ் என்று கேட்டேன். தினமும் காலை ஆறு மணிக்கு ஃபிரிட்ஜ் டெம்பரேச்சர் அவர் போனுக்கு வருமாம். நடுவில் ஏறினாலும் வருமாம். "நீதானே தம்பி 2018-ல வச்சுக் குடுத்தே?"

நானேதான். சென்சாரிலிருந்து எண்ணை வாங்கி மெசேஜ் அனுப்புகிற சிறு நிரல் ஒன்றை டெஸ்ட்2-ல் போட்டுப் பார்த்தேன். ஓடியது. ஓடியதால் அங்கேயே விட்டுவிட்டேன். ஆறு வருஷம் அது ஓர் ஆளின் வேலையை ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு நாளில் ஃபிரிட்ஜ் நின்றிருந்தால்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகல" என்று அக்கா ஒரு நீள நோட்டை நீட்டினார். காலை ஒன்பது மணி, மாலை ஆறு மணி, டிகிரி, கையெழுத்து. மெசேஜ் வர ஆரம்பித்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மெஷினை நம்பாமலா என்று கேட்டேன். "மெஷின நம்புறேன். நோட்டும் எழுதுறேன்" என்றார்.

அன்று மாலை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் அதே மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கினேன். விஎம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம்: பெயர், ஐபி எண், எதற்கு, யார் போட்டது, அணைந்தால் முதலில் யார் கூப்பிடுவார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல விஎம்களில் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டு எழுதினேன். மாற்றும் வேலையில் பாதி இதுதான். எந்தக் கையேட்டிலும் இதைப் பாதி என்று போட மாட்டார்கள்.

செப்டம்பரில் இரண்டாவது பெட்டியைக் காலி செய்து பிராக்ஸ்மாக்ஸ் ஏற்றி ஒத்திகை பார்த்தோம். அந்த ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பில், பழைய இஎஸ்எக்ஸ்ஐ சர்வரிலிருந்து விஎம்களை நேரே இழுத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்திருந்தார்கள். லினக்ஸ் விஎம்கள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தன. விண்டோஸ் நீலத் திரை காட்டியது. கண் விழித்ததும் விண்டோஸ் தன் டிஸ்க்கைத் தேடும். புது வீட்டில் டிஸ்க் மாட்டியிருக்கும் விதமே வேறு, அதற்கான விர்ட்ஐஓ டிரைவர் உள்ளே இல்லை. கண்ணெதிரே டிஸ்க் இருந்தும் தெரியாது. பழைய சாட்டா வகையாக மாட்டிக் கிளப்பி, பக்கத்தில் 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கைப் புது வகையில் மாட்டினால், அதைப் பார்த்து விண்டோஸ் டிரைவரைப் பழகிக்கொள்ளும். பிறகு நிஜ டிஸ்க்கையும் மாற்றி மாட்டலாம். இது பிடிபட இரண்டு நாள் ஆனது. நோட்டில் ஏறியது.

நிஜ நாளாக ஆயுத பூஜை விடுமுறையைக் குறித்தேன். அக்டோபர் 11 வெள்ளி ஆயுத பூஜை, 12 சனி விஜயதசமி, 13 ஞாயிறு. மூன்று முழு நாள். வெள்ளிக்கிழமை காலை சர்வர் ராக்குக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பொரி கடலை, வாசலில் திருஷ்டிப் பூசணி. தீபாராதனை முடிந்ததும் நான் லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்னய்யா செய்யுதீரு? பூசையில வச்ச ஆயுதத்த இன்னைக்கே எடுக்கலாமா? நாளைக்கு எடும்."

மூன்று நாள் இரண்டானது. புரட்டாசியில் மட்டும் வீடு மாறலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் ஐப்பசிக்குப் போயிருக்கும். விஜயதசமிக்கு எந்த மாதமும் குறுக்கே நிற்காது என்று அவரே தீர்மானித்திருந்தார் போல.

சனிக்கிழமை காலை டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டுத் தொடங்கினோம். ஒவ்வொரு விஎம்மிலும் பழைய விஎம்வேர் டூல்ஸை நீக்கி, புது டிரைவர்களை முன்கூட்டியே போட்டு, அணைத்து, இழுத்தோம். பைல் சர்வர் மட்டும் 900 ஜிபி. நான்கு மணி நேரம் ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக, இரவு ஒன்றரை மணிக்கு, பில்லிங் சர்வர். அழகாக எழுந்தது. ஆனால் கீழே உள்ள பதினான்கு பில்லிங் மெஷின்களில் ஒன்றுக்கும் அது தெரியவில்லை. அதன் ஐபி எண்ணை மறுபடி கொடுத்தால், அந்த எண் வேறொரு நெட்வொர்க் கார்டிடம் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தது. எந்தக் கார்டு? போன வீட்டில் இருந்த கார்டு. கார்டு இல்லை, அதன் பதிவு மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது. காலி செய்து போனவர் பெயரிலேயே ரேஷன் கார்டு அந்த விலாசத்தில் இருக்கிற கதைதான். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி அதை நீக்கினான் பையன். வாட்ச்மேன் தாத்தா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஞாயிறு முழுக்கச் சரிபார்த்தோம். திங்கள் காலை பில் ஓடியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை. அந்த 15-ஆம் தேதியைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. எங்கள் தெருவில் விடிகாலையில் கரண்ட் போய், யூபிஎஸ் தாங்கும் நேரமும் கடந்து, எட்டு மணிக்கு வந்தது. பெட்டிகள் இரண்டும் எழுந்தன. விஎம் ஒன்றுகூட எழவில்லை. பழைய வீட்டில் கரண்ட் வந்ததும் வரிசையாக எழும்படி வைத்திருந்தேன். புது வீட்டில் ஒவ்வொரு விஎம்முக்கும் அதற்கென்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். போடவில்லை. நான் பீர்க்கன்காரணையில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் பையனைப் பிடித்து, அவன் வீட்டிலிருந்தே ஒவ்வொன்றாகக் கிளப்பி முடிக்க ஒரு மணி நேரம். அதுவரை கார்பன் தாள் வைத்துக் கையால் பில் போட்டார்கள். கையால் பில் போட இன்னும் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் குடோன் அக்கா.

நவம்பரில் முதல் பெட்டியையும் மாற்றி, இரண்டையும் ஒரே கிளஸ்டராக்கினோம். இரண்டு பேர் மட்டும் இருந்தால் சண்டையில் தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டும் என்பது அதன் விதி; ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மூன்றாவது ஓட்டாக வைத்தோம். 2025 ஏப்ரலில் விஎம்வேரின் இலவசப் பதிப்பு திரும்ப வந்தது. யார் சொல்லியோ அண்ணாச்சி காதுக்கும் எட்டியிருக்கிறது. "திரும்பிப் போயிரலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த லைசென்ஸ் தாளை அவர் இன்னும் பீரோவிலிருந்து எடுக்கவில்லை. நீள நோட்டு சர்வர் அறைக் கதவில் ஓர் ஆணியில், நூல் கட்டித் தொங்குகிறது. பையன் எழுதுவதும் அதில்தான். இதுவரை 43 பக்கம் ஆகியிருக்கிறது. டெஸ்ட்2-க்கு மட்டும் ஐந்து. அதற்கு நல்ல பெயர் ஒன்று வைக்கலாம் என்று பையன் சொன்னான். அக்காவிடம் கேட்டோம். பெயரையெல்லாம் மாற்ற வேண்டாம், ஆறு மணிக்கு மெசேஜ் வந்தால் போதும் என்றுவிட்டார்.